அந்தக் கப்பலுக்குப் பணம் கட்டியது யார்?

எதிர்க்காற்று:
வெண்பலகை சார் நேற்று இன்னொரு இழையில் போட்ட பதிவுக்குப் பதில் எழுதினேன். "தலைப்பை விட்டு விலகுகிறது" என்று தூக்கிவிட்டார்கள். அதனால் தனி இழை.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக. மார்ச் 25 கிரேக்க விடுதலை நாள். 1987 முதல் ஒவ்வோர் ஆண்டும் அன்றைக்கு அமெரிக்க அதிபர் ஓர் அறிக்கை விடுவார், கிரேக்க, அமெரிக்க மக்களாட்சியைக் கொண்டாடும் நாள் என்று. சார் அதைத் தமிழில் போட்டு, அடியில் தன் சரக்கையும் சேர்த்திருந்தார்: "ஏதென்ஸ் பெற்ற பிள்ளைதான் அமெரிக்க அரசமைப்பு. 1821-இல் கிரேக்கர்கள் துருக்கியரை எதிர்த்து எழுந்தபோது அமெரிக்கா போர்க்கப்பல் கட்டிக் கொடுத்து அந்தக் கடனைத் தீர்த்தது."

கடனைத் தீர்த்ததாம்! சார், அந்தக் கப்பலுக்குப் பணம் கட்டியது யார்?

1824-லும் 1825-லும் கிரேக்கப் புரட்சி அரசு லண்டனில் கடன் வாங்கியது. அந்தக் கடன் காசில் நியூயார்க்கில் இரண்டு பெரிய போர்க்கப்பல்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். வேலையை எடுத்த வணிக நிறுவனங்களில் ஒன்று லிராய், பேயார்ட். அதன் வில்லியம் பேயார்ட் வேறு யாருமில்லை, நியூயார்க் கிரேக்க உதவிக் குழுவின் தலைவர். நண்பர்! நண்பர் போட்ட மதிப்பீடு ஒன்று, வந்த பில் வேறு. பணம் முழுக்கத் தீர்ந்த பிறகும் "இன்னும் அனுப்புங்கள், இல்லாவிட்டால் கப்பல் நகராது" என்றார்கள். கிரேக்கர்கள் ஆள் அனுப்பி, வழக்கறிஞர் பிடித்து, நடுவர் தீர்ப்புக்குப் போய், கடைசியில் ஒரு கப்பலை விற்று அந்தக் காசில் இன்னொன்றை மீட்டார்கள். இரண்டுக்குப் பணம், கைக்கு வந்தது ஒன்று. அதுதான் 1826 கடைசியில் கிரேக்கத் துறைமுகமான நாஃப்பிளியோ வந்து சேர்ந்த "ஹெல்லாஸ்".

நான் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதியவன். நட்பு, பாரம்பரியம் எல்லாம் அப்புறம். பில் யார் பெயரில்?

வெண்பலகை:
வணக்கம். பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் பொறுமையாகவே பதில் சொல்கிறேன்.

இலவசம் என்று நான் எங்கும் எழுதவில்லை. நீங்கள் சொல்லாமல் விட்ட பகுதியை மட்டும் சேர்க்கிறேன். அந்த இன்னொரு கப்பலை வாங்கியது யார்? அமெரிக்கக் கடற்படை. 1826-இல் நாடாளுமன்றத்தில் சட்டம் போட்டு வாங்கினார்கள். "ஹட்சன்" என்று பெயர் மாற்றினார்கள். பிரேசில் கடற்பக்கம் ஒரே ஒரு நீண்ட பயணம், அதன்பின் நியூயார்க் துறையிலேயே கிடந்தது. அவர்களுக்குத் தேவைப்பட்ட கப்பலா அது? கிரேக்கர்களைக் காப்பாற்ற வாங்கினார்கள். வாங்காமல் விட்டிருந்தால் இரண்டுமே கடன்காரர்கள் கையில் போயிருக்கும், ஹெல்லாஸ் என்று ஒரு கப்பலே இருந்திருக்காது.

அப்புறம், நட்பு என்பது கப்பல் மட்டுமா? 1821 மே மாதமே கலமாட்டாவிலிருந்து மெஸ்ஸீனியா செனட் என்ற கிளர்ச்சியாளர்களின் அவை அமெரிக்க மக்களுக்கு நேராகக் கடிதம் எழுதியது. பாரிஸிலிருந்த கிரேக்க அறிஞர் அதமாந்தியோஸ் கொராயிஸ் 1823-இல் முன்னாள் அமெரிக்க அதிபர் ஜெஃபர்சனுக்கு எழுதி, எங்களுக்கு எப்படி ஓர் அரசமைப்பு எழுதலாம் என்று யோசனை கேட்டார். முதுமையில் மான்டிசெல்லோ வீட்டில் உட்கார்ந்திருந்த ஜெஃபர்சன் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினார். பாஸ்டன் டாக்டர் சாமுவேல் கிரிட்லி ஹோ, படிப்பு முடித்த கையோடு கிளம்பிப் போய் அங்கே காயத்துக்குக் கட்டுப் போட்டார். இன்னோர் அமெரிக்கர் ஜார்ஜ் ஜார்விஸ் கிரேக்க உடை உடுத்தி, கிரேக்கம் பேசி, 1828-இல் ஆர்கோஸில் செத்தே போனார். இவர்களுக்கெல்லாம் பில் போட்டது யார், சொல்லுங்கள்.

எதிர்க்காற்று:
கட்டியது யார் என்று கேட்டேன். வாங்கியது யார் என்று பதில் வருகிறது. நல்ல வாத்தியார்.

கடற்படை வாங்கியதைப் பெரிய தர்மம் மாதிரி சொல்கிறீர்கள். கிரேக்கர்கள் போட்ட காசைவிட மிகக் குறைந்த விலைக்கு ஒரு புதுப் போர்க்கப்பல் கிடைத்தால் நானும்தான் வாங்குவேன். பிறகு அதைத் துறையில் கட்டிப்போட்டது அவர்கள் சாமர்த்தியம்.

சட்டத்தில் கையெழுத்துப் போட்ட ஜான் குவின்சி ஆடம்ஸ் யார்? 1823-இல் வெளியுறவுச் செயலராக இருந்து, லண்டனிலிருந்து கிரேக்கத் தூதர் அங்கீகாரம் கேட்டு எழுதியபோது முடியாது என்று பதில் எழுதிய அதே மனிதர். அதிபர் மன்றோ தன் டிசம்பர் உரையில் கிரேக்கத்தை அங்கீகரிக்க ஆசைப்பட்டார், அதை வெட்டவைத்ததும் இவர்தான். அடுத்த மாதம் நாடாளுமன்றத்தில் டேனியல் வெப்ஸ்டர் கிரேக்கத்துக்கு ஒரு பிரதிநிதியையாவது அனுப்புவோம் என்று மணிக்கணக்கில் பேசினார். தீர்மானம் ஓட்டெடுப்புக்கே வராமல் அலமாரிக்குப் போனது.

காரணம் ரகசியமில்லை. சுல்தானோடு வணிக ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒப்பந்தம் 1830-இல் முடிந்தது. கிரேக்கத்தை அங்கீகரித்தது 1837-இல். இன்னும் ஒரு படி மேலே: நியூயார்க்கின் பேர்பெற்ற கப்பல் கட்டுநர் ஹென்றி எக்ஃபர்ட் 1831-இல் இஸ்தான்புல் போய் சுல்தானுக்குக் கப்பல் கட்டினார், மறு வருடம் அங்கேயே இறந்தார். 1827-இல் நவாரினோவில் துருக்கி, எகிப்துக் கப்பல்களை மூழ்கடித்தது பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா. அமெரிக்கக் கொடி அந்த விரிகுடாவில் இல்லை.

கேள்வி அப்படியே நிற்கிறது. பணம் கட்டியது யார்?

சாம்பல் பூனை:
ஒரு சின்ன வேண்டுகோள். கப்பலை ஓரமாக நிறுத்திவிட்டு, "பகிர்ந்த மக்களாட்சிப் பாரம்பரியம்" என்று எதைச் சொல்கிறோம் என்று முதலில் முடிவு செய்யலாமா?

ஏதென்ஸில் கிமு 508 வாக்கில் கிளைஸ்தனிஸ் மக்களைப் பத்துக் குலங்களாகப் பிரித்தார். குலத்துக்கு 50 பேர், மொத்தம் 500 பேர் கொண்ட அவை. அவர்களைத் தேர்தலில் பிடிக்கவில்லை, குலுக்கலில் எடுத்தார்கள். சட்டத்துக்குக் கை தூக்கியது பினிக்ஸ் குன்றில் கூடிய குடிமக்களே, அவர்களின் பிரதிநிதிகள் அல்லர். பெண்கள், அடிமைகள், வந்தேறிகள் வெளியே. அமெரிக்க அரசமைப்பை எழுதியவர்கள் இதைப் பார்த்துப் பயந்தவர்கள். ஏதென்ஸ் குடிமகன் ஒவ்வொருவனும் சாக்ரடீஸாகவே இருந்தாலும் அவர்களின் பேரவை வெறும் கும்பலாகத்தான் இருந்திருக்கும் என்று, அந்த அரசமைப்பை ஆதரித்து எழுதிய ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் 55-ஆவது சொல்கிறது. எழுதியவர்கள் வைத்துக்கொண்ட புனைபெயரே ரோமானியப் பெயர், பப்லியஸ். மேலவைக்கு செனட் என்ற பெயரும் ரோமிலிருந்து வந்ததுதான். வெண்பலகை சார் மேற்கோள் காட்டுகிற அதே ஜெஃபர்சன் 1816-இல் ஒருவருக்கு, பிரதிநிதித்துவ முறை வந்த பிறகு அரசு பற்றி முன்னோர் எழுதியது பெரும்பாலும் பயனற்றுப் போனது, அரிஸ்டாட்டில் தொலைந்தாலும் பெரிய வருத்தமில்லை என்கிற மாதிரி எழுதினார்.

அதனால் "பெற்ற பிள்ளை" என்பதுதான் இங்கே விவாதிக்க வேண்டிய விஷயம். கப்பல் அல்ல.

எதிர்க்காற்று:
பூனை தம்பி, நல்ல பதிவு. ஆனால் கப்பல்தான் விஷயம்.

நியூஜெர்சி மாமா:
இங்கே வந்து வாழ்ந்து பார்க்காதவர்கள் எல்லாம் அமெரிக்காவைப் பற்றிப் பேசினால் இப்படித்தான் இருக்கும். ஒவ்வொரு வசந்தத்திலும் நியூயார்க் ஐந்தாம் அவென்யூவில் கிரேக்க ஊர்வலம் போகும், சின்னப் பிள்ளைகள் அந்த மடிப்புப் பாவாடை உடுத்திக்கொண்டு. நேரில் பார்த்துவிட்டு வந்து நட்பு இல்லை என்று சொல்லுங்கள். மிச்சிகனில் இப்சிலாண்டி என்று ஒரு ஊரே இருக்கிறது, புரட்சித் தளபதி திமித்ரியோஸ் இப்சிலாண்டிஸ் பெயரில், 1825-லிருந்து. ஜார்ஜியாவில் ஒரு ஏதென்ஸ், ஓஹையோவில் ஒரு ஏதென்ஸ்.

நான் தினமும் காபி குடிக்கும் டைனர், அதாவது சின்ன உணவகம், கிரேக்கர் நடத்துவது. அந்த நீல, வெள்ளைக் காகிதக் கப், கிரேக்கச் சாடி ஓவியம் போட்டது, ஒரு தலைமுறை நியூயார்க்கே அதில்தான் காபி குடித்தது. பாரம்பரியம் என்றால் இதுதான். அரசாங்கக் காகிதத்தைக் கிளறிக்கொண்டிருந்தால் தெரியாது.

கயல்:
மாமா, அந்தக் கப்பை 1963-இல் வரைந்தவர் லெஸ்லி பக். செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்த யூதர், நாஜி முகாம்களிலிருந்து தப்பி வந்தவர், காகிதக் கப் கம்பெனியில் விற்பனை வேலை. கிரேக்க டைனர்காரர்களிடம் சரக்கு விற்க வேண்டும் என்று வரைந்தார். உங்கள் "பாரம்பரியம்" நல்ல மார்க்கெட்டிங்.

ஊர்வலம் சரி. 1909 பிப்ரவரியில் தெற்கு ஒமாஹாவில் ஒரு கிரேக்கர் போலீஸ்காரரைச் சுட்டார் என்பதற்காக ஒரு கூட்டம் கிரேக்கர் குடியிருப்பையே எரித்து, அவர்களை ஊரைவிட்டே துரத்தியதே, அந்த ஊர்வலத்தையும் கணக்கில் சேர்ப்பீர்களா? கிரேக்க அமெரிக்கர்களின் பெரிய சங்கமான அஹெபா 1922-இல் அட்லாண்டாவில் தொடங்கியது எதற்கு? கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலின் தொல்லை தாங்காமல், நாங்களும் நல்ல அமெரிக்கர்கள்தான் என்று காட்டுவதற்கு. 1924 குடியேற்றச் சட்டம் கிரேக்கத்துக்கு ஒதுக்கிய இடம் வருடத்துக்கு 100. நூறே நூறு! மக்களாட்சியைப் பெற்றெடுத்த தாய்க்கு நூறு டிக்கெட்.

நியூஜெர்சி மாமா:
கயல் மேடம், வரைந்தவர் யாராக இருந்தால் என்ன, அதில் காபி ஊற்றிக் கொடுத்தவர் கிரேக்கர்தானே? 1909-ஐ எல்லாம் தோண்டி எடுப்பதுதான் உங்கள் வேலையா? போன மாதம் ரோமானிய நீர்க்கால்வாய் இழையிலும் இப்படித்தான் வந்து கெடுத்தீர்கள்.

கயல்:
நீர்க்கால்வாய் இழையில் நீங்கள் போட்ட படம் ஸ்பெயினில் இருப்பது. ரோம் என்று எழுதியிருந்தீர்கள். அதைச் சொன்னதற்கா இவ்வளவு நாள் கோபம்?

வெண்பலகை:
நண்பர்கள் தங்கள் பழைய கணக்கைத் தனிச் செய்தியில் தீர்த்துக்கொள்ளலாம்.

எதிர்க்காற்று அவர்களே, கப்பல் கப்பல் என்கிறீர்கள். சரி, கப்பலே பேசுவோம். 1827, 1828-இல் நியூயார்க், ஃபிலடெல்ஃபியா, பாஸ்டன் குழுக்கள் அனுப்பிய நிவாரணக் கப்பல்கள் தெரியுமா? சோளமாவு, கோதுமைமாவு, அரிசி, துணி, காலணி. தேவாலயங்களில் தட்டேந்தி வசூலித்த காசு. பெண்கள் கூடி உட்கார்ந்து தைத்த உடுப்புகள். ஒரு காசு திருப்பிக் கேட்கவில்லை. போரில் இல்லாதவர்களுக்கு மட்டும், முதியவர், பெண்கள், குழந்தைகளுக்கு மட்டும் என்று கட்டளை போட்டு அனுப்பினார்கள். வெர்மான்ட்காரர் ஜொனாதன் மில்லர் கரையில் நின்று பங்கிட்டார். ஆயுதம் வைத்திருந்த தலைவர்கள் தங்கள் ஆட்களுக்குப் பங்கு கேட்டு மிரட்டியபோதும் முடிந்தவரை தடுத்து நின்றார். ஓர் அநாதைச் சிறுவனை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார். லூக்கஸ் மில்டியாடிஸ் மில்லர் என்ற அந்தச் சிறுவன் வளர்ந்து 1891-இல் விஸ்கான்சினிலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே போனான்.

டாக்டர் ஹோ அதைவிட ஒரு படி மேல். ஏகினா தீவில் அகதிகள் குவிந்து கிடந்தார்கள். சும்மா மாவு கொடுத்தால் கையேந்தும் பழக்கம் வந்துவிடும் என்று துறைமுகத்தில் கல்லணை கட்டும் வேலையை ஆரம்பித்தார். கூலி மாவாகவே. இடிந்து கிடந்த பழங்காலக் கட்டடக் கற்களை ஆணும் பெண்ணும் சுமந்து வந்து கடலில் இறக்கினார்கள். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அந்தக் குளிர்காலத்தைக் கடந்தன. இது நட்பு இல்லையென்றால் எது நட்பு?

எதிர்க்காற்று:
சோளமாவு வந்ததை யார் மறுத்தார்கள்? மாவு வந்தது மாவுக்கப்பலில். நீங்கள் எழுதியது போர்க்கப்பல். "போர்க்கப்பல் கட்டிக் கொடுத்து அந்தக் கடனைத் தீர்த்தது" என்பது உங்கள் வரி. நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன், அழித்துவிட்டுத் தப்பிக்க முடியாது.

மாவை அனுப்பியது பாஸ்டன் பாதிரியாரும் வீட்டுப் பெண்களும். அமெரிக்க அரசு அதற்கு ஒரு டாலர் போடவில்லை. ஏழை ஜனங்களின் நல்ல மனசைக் கடன் வாங்கி அரசாங்கத்தின் தலையில் கிரீடமாக வைக்கிற வேலையைத்தான் அந்த மார்ச் 25 அறிக்கைகள் செய்கின்றன. நீங்கள் அதை மொழிபெயர்த்து இங்கே இறக்குகிறீர்கள்.

இன்னொன்று. கிரேக்கக் கடற்படையில், அதற்குத் தலைமை ஏற்ற பிரிட்டிஷ்காரர் லார்ட் காக்ரேனின் கீழ் சண்டை போட்டவர்களில் பால்டிமோரைச் சேர்ந்த கறுப்பின வீரர் ஜேம்ஸ் வில்லியம்ஸும் ஒருவர். கிரேக்கன் அடிமை என்று கண்ணீர் விட்ட அதே அமெரிக்காவில் அவருடைய ஜனங்கள் சந்தையில் ஏலம் போனார்கள். வெப்ஸ்டரின் தீர்மானத்தை எதிர்த்துப் பேசிய வர்ஜீனியாவின் ஜான் ராண்டால்ஃப் அடிமைகளை வைத்திருந்தவர். அவரைப் பற்றியும் ஓர் அறிக்கை விடச் சொல்லுங்கள்.

நான் இன்னும் காத்திருக்கிறேன். ஹெல்லாஸுக்குப் பணம் கட்டியது யார்? ஒரு சொல்லில் பதில் போதும்.

கடைசி பெஞ்ச்:
பெரியவர்கள் 1826-லேயே நங்கூரம் போட்டுவிட்டீர்கள். நட்பின் ருசி தெரிய இருபதாம் நூற்றாண்டுக்கு வாருங்கள்.

1947 மார்ச் 12, ட்ரூமன் உரை. கிரேக்கம், துருக்கி இரண்டுக்கும் சேர்த்து 40 கோடி டாலர். கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான கிரேக்க உள்நாட்டுப் போரில் அரசுப் படைக்கு ஆயுதம், ஆலோசகர்கள், 1949-இல் கிராமோஸ் மலையில் நேப்பாம் குண்டு. எதிர்த்தவர்கள் மக்ரோனிசோஸ் தீவு முகாமில். 1952-இல் அமெரிக்கத் தூதர் ஜான் பியூரிஃபாய் வெளிப்படையாகவே அறிக்கை விட்டார்: விகிதாசாரத் தேர்தல் முறையை மாற்றுங்கள், இல்லாவிட்டால் உதவிப் பணத்துக்கு ஆபத்து என்று. கிரேக்கர்கள் மாற்றினார்கள். அந்த நவம்பரில் தளபதி பாப்பகோஸின் கட்சி ஏறக்குறைய 49 சதவீத ஓட்டில் 300-இல் 247 இடம் வாங்கியது. மக்களாட்சியை ஏதென்ஸுக்கே சொல்லிக்கொடுத்தார்கள்!

1967 ஏப்ரல் 21, கிரேக்க ராணுவக் கர்னல்கள் ஆட்சியைப் பிடித்தார்கள். கனரக ஆயுதத் தடை என்று கொஞ்ச நாள் பாவனை, 1970-இல் அதையும் எடுத்தாயிற்று. 1971-இல் துணை அதிபர் ஸ்பைரோ ஆக்னியூ, அப்பா பிறந்த ஊரான கர்கலியானியைப் பார்க்க வந்து கர்னல்களோடு கை குலுக்கினார். நட்பு! 1999-இல் கிளின்டன் ஏதென்ஸில் நின்று, பனிப்போர் நலனை மக்களாட்சிக்கு மேலாக வைத்துவிட்டோம் என்று ஒப்புக்கொண்டார். அதிபரே ஒப்புக்கொண்டார், வெண்பலகை சார் ஒப்புக்கொள்ள மாட்டார்.

நியூஜெர்சி மாமா:
வந்துவிட்டார் செங்கொடி. தம்பி, அந்த 40 கோடியில் என்ன நடந்தது என்று முழுக்கச் சொல்லுங்கள். ஜெர்மன்காரன் போகும்போது கொரிந்து கால்வாயில் ரயில் பெட்டிகளைத் தள்ளி, கரையை வெடி வைத்துச் சரித்து அடைத்துவிட்டுப் போனான். அதைத் தோண்டி 1948-இல் திறந்துவிட்டது அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள். மலேரியாவை விரட்டியது அவர்கள் காசு. கம்யூனிஸ்டுகள் ஜெயித்திருந்தால் கிரேக்கம் அல்பேனியா ஆகியிருக்கும். ஏதென்ஸில் ட்ரூமனுக்குச் சிலை வைத்தது தெரியுமா?

கடைசி பெஞ்ச்:
தெரியும் மாமா. 1963-இல் வைத்தது கயல் அக்கா சொன்ன அதே அஹெபா, அமெரிக்காவிலிருந்து கொண்டுபோய். ஏதென்ஸ்காரர்கள் கேட்டு வாங்கியதல்ல. பெயின்ட் ஊற்றினார்கள், இழுத்துப் பார்த்தார்கள், 1986-இல் குண்டு வைத்தே சாய்த்தார்கள். எடுத்து நிறுத்தினால் மறுபடி இழுக்கிறார்கள். ஒவ்வொரு நவம்பர் 17-ம் தேதியும் பாலிடெக்னிக்கிலிருந்து ஊர்வலம் கிளம்புகிறதே, அது எங்கே போய் முடிகிறது? அமெரிக்கத் தூதரக வாசலில். 1973-இல் கர்னல்களை எதிர்த்து மாணவர்கள் உள்ளே கூடியிருந்தபோது அந்த வளாகக் கதவை டாங்க் இடித்துத் தள்ளியதை அவர்கள் மறக்கவில்லை.

நியூஜெர்சி மாமா:
அந்த டாங்க் பிரெஞ்சு டாங்க்! ஏஎம்எக்ஸ்-30! பிரான்சில் செய்தது! பிரெஞ்சுத் தூதரகத்துக்கு ஏன் ஊர்வலம் போகவில்லை?

கடைசி பெஞ்ச்:
ஓட்டியவனுக்கு ஆதரவு கொடுத்தது யார் என்பது கேள்வியா, எந்தத் தொழிற்சாலை என்பது கேள்வியா?

நியூஜெர்சி மாமா:
பிரெஞ்சு டாங்க். அவ்வளவுதான். மேலே பேச ஒன்றும் இல்லை.

எதிர்க்காற்று:
பார்த்தீர்களா, மாமாவுக்குக்கூட சாமான் எங்கே செய்தது, யார் வாங்கியது என்பது முக்கியமாகத் தெரிகிறது. டாங்குக்கு ஒரு நியாயம், கப்பலுக்கு ஒரு நியாயமா? டாங்குக்குப் பணம் கட்டியது கர்னல்கள். கப்பலுக்கு?

சாம்பல் பூனை:
யாருக்காவது ஆர்வம் இருந்தால்: ஏதென்ஸின் பழைய சந்தைத் திடலான அகோராவின் அருங்காட்சியகத்தில் ஒரு குலுக்கல் கல் உடைந்த துண்டாக இருக்கிறது. ஆளுயரப் பளிங்குப் பலகை, முகப்பு முழுக்க வரிசை வரிசையாக மெல்லிய வெட்டுகள். குடிமகன் தன் பெயர் பொறித்த வெண்கலச் சீட்டைக் கொண்டுவந்து கொடுப்பான், அதை ஒரு வெட்டில் செருகுவார்கள். பக்கத்தில் ஒரு குழாய். மேலே கறுப்பும் வெள்ளையுமாக உருண்டைகளைக் கொட்டி, கீழே ஒவ்வொன்றாக விடுவார்கள். வெள்ளை வந்தால் அந்த வரிசை முழுவதும் அன்றைக்கு நீதிபதிகள். கறுப்பு வந்தால் வீட்டுக்குப் போகலாம். சிபாரிசும் லஞ்சமும் நுழைய இடமில்லை.

இருந்தும் தில்லுமுல்லு இல்லாமல் இல்லை. அக்ரோபோலிஸ் வடக்குச் சரிவில் ஒரு கிணற்றில், ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்தொக்ளிஸை நாடுகடத்தச் சொல்லும் 190 ஓட்டுச்சில்லுகள் (பெயர் கீறிய பானை ஓடுகள்) கிடைத்தன. அத்தனையையும் எழுதியவை பதினான்கு கைகள்தாம் என்று கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்தார்கள். எழுதத் தெரியாதவனுக்கு எழுதிக் கொடுத்தார்களா, கட்சிக்காரர்கள் மொத்தமாகத் தயாரித்து வைத்திருந்தார்களா என்பது இன்றைக்கும் பேச்சுதான்.

அகோராவை 1931 முதல் தோண்டுவது அமெரிக்கத் தொல்லியல் பள்ளி. அந்த அருங்காட்சியகம் இருக்கும் அட்டலோஸ் மண்டபத்தை ராக்ஃபெல்லர் பணத்தில் 1950-களில் முழுசாகத் திரும்பக் கட்டியதும் அவர்கள்தான். கிரேக்க, அமெரிக்க உறவு பற்றி உருப்படியாகப் பேச வேண்டுமென்றால் இங்கே தொடங்கலாமே?

எதிர்க்காற்று:
கட்டடத்துக்கு ராக்ஃபெல்லர் கட்டினார் என்று பூனை தம்பி தெளிவாகச் சொல்கிறார். பெயர் இருக்கிறது, கணக்கு இருக்கிறது. தோண்டுவதற்காக அந்த வ்ரிசாக்கி குடியிருப்பையே இடித்தார்களே, அங்கே இருந்த குடும்பங்களிடம் நட்பு பற்றிக் கேட்கலாம். அது வேறு கதை. ஹெல்லாஸ் கணக்குக்கு வாருங்கள், வெண்பலகை சார். மாவு, கல்லணை, ஜெஃபர்சன் கடிதம் எல்லாம் காட்டியாயிற்று. பில்லைக் காட்டுங்கள்.

வெண்பலகை:
உங்களுக்குக் கப்பல்தானே வேண்டும்? 1922 செப்டம்பர். இன்றைய துருக்கியின் இஸ்மிரான ஸ்மிர்னா எரிகிறது. கடற்கரையில் லட்சக்கணக்கான கிரேக்கர்களும் ஆர்மீனியர்களும், பின்னால் நெருப்பு, முன்னால் கடல். ஏசா ஜென்னிங்ஸ் என்ற அமெரிக்கப் பாதிரியார், கூன் விழுந்த சின்ன உருவம், யாரும் அனுப்பாமல் தானே முன்வந்து கப்பல்களைத் திரட்டிக்கொண்டு போய் அந்த ஜனங்களை ஏற்றினார். அமெரிக்கப் போர்க்கப்பல்கள் காவலாக வந்தன. மறு வருடம் அகதிகளைக் குடியமர்த்தும் ஆணையத்துக்குத் தலைமை ஏற்றவரும் ஓர் அமெரிக்கர், ஹென்றி மார்கந்தோ. இதற்கும் பில் கேட்பீர்களா?

எதிர்க்காற்று:
கேட்காமல்? ஜென்னிங்ஸ் நல்ல மனிதர், கையெடுத்துக் கும்பிடுகிறேன். அவர் கூட்டிக்கொண்டு போனது யாருடைய கப்பல்கள்? பக்கத்துக் கிரேக்கத் தீவின் மிட்டிலினித் துறையில் சும்மா நின்றுகொண்டிருந்த கிரேக்கக் கப்பல்கள். கிரேக்க அரசிடம் கெஞ்சி, மிரட்டி, கேட்டு வாங்கினார். அதற்கு முன்னால் பல நாள் ஸ்மிர்னாத் துறையில் நின்ற அமெரிக்கப் போர்க்கப்பல்கள் என்ன செய்தன? நடுநிலை!

1826-லும் கிரேக்கர் காசு, 1922-லும் கிரேக்கர் கப்பல். நீங்கள் எடுத்து வைக்கிற ஒவ்வொரு சாட்சியும் என் பக்கம்தான் பேசுகிறது, சார்.

கயல்:
ஒருவர் கப்பல், ஒருவர் டாங்க். இரண்டு ஜனங்களும் உண்மையில் தோளோடு தோள் நின்ற இடத்தை யாரும் தொடவில்லை. 1965 மார்ச், கறுப்பின மக்கள் ஓட்டுரிமை கேட்டுப் போராடிய செல்மா. கிரேக்கத் திருச்சபையின் பேராயர் யாக்கவோஸ், கறுப்பு அங்கியும் உயரத் தொப்பியுமாக மார்ட்டின் லூதர் கிங் பக்கத்தில் நின்றார். லைஃப் பத்திரிகை அட்டையிலேயே வந்தது. தன் ஜனங்களிடமிருந்தே அவருக்கு வசவுக் கடிதமும் கொலை மிரட்டலும் வந்தன.

நியூஜெர்சி மாமா:
அதையேதான் நானும் முதலிலிருந்து சொல்கிறேன். கிரேக்க அமெரிக்கர்களின் பெருமை.

கயல்:
நீங்கள் சொன்னது காபி கப்.

நியூஜெர்சி மாமா:
அந்தக் கப்பைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்களா நீங்கள்?

கடைசி பெஞ்ச்:
கப் சண்டை நடக்கட்டும். எதிர்க்காற்று அண்ணே, உங்கள் அருமைக் கப்பல் கடைசியில் என்ன ஆனது என்று சொல்லவே இல்லையே? 1831 ஆகஸ்டில் போரோஸ் தீவில், அப்போது கிரேக்கத்தை ஆண்ட கபோதிஸ்திரியாஸ் அரசோடு சண்டை முற்றி, ரஷ்யக் கப்பல்கள் சுற்றி வளைத்தபோது, கிரேக்கத் தளபதி மியாவுலிஸே ஹெல்லாஸை வெடி வைத்துக் கொளுத்திவிட்டார். யார் காசில் வந்ததோ, கொளுத்தியது கிரேக்கர்.

எதிர்க்காற்று:
தெரியாமல் விடவில்லை. வெண்பலகை சார் அதையும் அமெரிக்காவின் கணக்கில் எழுதிவிடுவாரோ என்று விட்டேன். நாட்டின் ஒரே பெரிய கப்பலைத் தன் கட்சிச் சண்டைக்காகக் கொளுத்தியவனுக்கு என்ன பெயர் வைப்பது?

வெண்பலகை:
மியாவுலிஸைப் பற்றி நாக்கை அடக்கிப் பேசுங்கள். புரட்சிக் காலம் முழுக்கக் கடலைக் காத்தவர் அவர். சர்வாதிகாரியாக மாறிக்கொண்டிருந்த ஆளிடமும் ரஷ்யனிடமும் கப்பல் போகக்கூடாது என்று கொளுத்தினார்.

எதிர்க்காற்று:
கபோதிஸ்திரியாஸ் சர்வாதிகாரியா! பட்டினி கிடந்த நாட்டுக்கு உருளைக்கிழங்கைக் கொண்டுவந்த மனிதர், சம்பளமே வேண்டாம் என்றவர். அவரை இரண்டு மாதத்தில் தேவாலய வாசலில் வைத்துக் கொன்றார்களே, அதையும் நியாயப்படுத்தப் போகிறீர்களா? இருங்கள், சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.